சுட்டால் நகர்ந்துவிடாதா, டாக்டர்?

போன வியாழக்கிழமை மருத்துவமனையை மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். அப்பாவின் கையில் ஒரு தலையணை உறை, வாயை ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டியிருந்தார். பையன் தேசிய சேவைக்குப் போகக் காத்திருக்கும் வயது. வரவேற்பில் இருந்த பெண், "பூனையா, முயலா?" என்று கேட்டாள். இருவரும் வாயே திறக்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. இந்த ஆண்டில் இது நான்காவது. (யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

உறைக்குள் ஒரு மலைப்பாம்புக் குட்டி. உடம்பெங்கும் வலை விரித்ததுபோல் கோலம் போட்டிருக்குமே, அந்த இனம். யாரும் கடத்திக்கொண்டு வந்ததில்லை, இந்த மண்ணின் பிராணிதான். நம் சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக்குகளுக்குக் கீழே ஓடும் லோங்காங்கில், அதாவது வடிகாலில், எலி பிடித்துத் தின்றுகொண்டு, யார் கண்ணிலும் படாமல் வாழ்வது. பையன் அதை அங்கேதான் பிடித்திருக்கிறான். பிடித்து மூன்று வாரம் ஆகிறதாம்.

திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வயிற்றுச் செதில்கள் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பாகிச் சுருங்கி, ஓரங்களில் நீர் கசிந்துகொண்டிருந்தது. தீக்காயம். அதுவும் அன்றைக்குப் பட்டதல்ல. பாம்புக்குச் சூட்டுக்காயம் பட்டால் முதலில் இலேசான சிவப்புதான் தெரியும். கொப்புளம் கண்டு செதில் செத்து உரிய நாட்கள் ஆகும். கண்ணில் படும்போது காரியம் முற்றியிருக்கும்.

"கீழே என்ன போட்டிருந்தாய்?"

கைப்பேசியை எடுத்துப் படம் காட்டினான். அவன் முகத்தில் பயத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், பையன் கெட்டிக்காரன். மொத்தச் செலவு 38 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, சால்டரிங் அயர்னால் சுட்டுப் போட்ட காற்றோட்டைகள், மூடிக்குக் கம்பிவலை, அடியில் இணையத்தில் வாங்கிய ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), மேலே படிப்பு மேசை விளக்கு, ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த பூந்தொட்டி. மூடி திறந்துகொள்ளாமலிருக்கச் சுற்றிலும் ஒட்டுநாடா. மூலையில் ஒரு கிண்ணத்தில் பால் வேறு. அது பாட்டியின் உபயம் என்றார் அப்பா. (பாம்பு பால் குடித்து வளர்வதில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப்போவதில்லை. எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.)

"மேட் எவ்வளவு சூடாகும் என்று பார்த்தாயா? சூடு மிஞ்சினால் தானே அணைத்துவிடும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா?"

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. முந்தைய மூன்று பேரும் கேட்ட அதே கேள்வி. "இல்லை டாக்டர். ஆனா சுட்டா அதுவே நகர்ந்துடாதா?"

நகராது. நகர்வதற்கு நீங்கள் இடம் விடவில்லை. இடம் விட்டிருந்தாலும் நகரும் என்று நம்பி உட்கார முடியாது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்குச் சூடு என்றால் வலி. தோசைக்கல்லில் விரல் பட்டால் யோசிக்கும் முன்னரே கை திரும்பிவிடும். பாம்பும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். பாம்பின் உடம்பு தனக்குள்ளே சூட்டை உண்டாக்கிக்கொள்வதில்லை. சுற்றுப்புறத்திலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். சாப்பிட்டதைச் செரிக்க, கிருமியோடு போராட, எல்லாவற்றுக்கும் அந்தக் கடன் வாங்கிய சூடுதான். ஆகவே வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் அங்கே சுருண்டு படுத்துக்கொள்வது அதன் பிழைப்பு. உடம்பு குளிர்ந்து கிடக்கும் பாம்பு சூடான தரையில் படுத்தால் உள்ளே சூடேற நேரம் பிடிக்கும். அதற்குள் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வயிற்றுத்தோல் வெந்துபோகும். வெந்துகொண்டிருக்கும்போதும் அசையாமல் படுத்திருந்த பாம்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. இந்தப் பெட்டி இருந்தது பையனின் படுக்கையறையில். இரவு முழுக்க ஏர்கான் ஓடும். அறை 23 பாகை. பெட்டிக்குள் சூடு என்று இருப்பது அந்த மேட் மட்டும், அது பெட்டியின் அடிப்பாகம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. பாம்பு எங்கே போகும்? பகலில் ஏர்கான் நின்றதும் அறை 30 பாகைக்கு ஏறும், மேட் அதற்கு மேல் தன் பங்கைச் சேர்க்கும், மூடிக்கு மேலே விளக்கு வேறு. கட்டுப்பாடில்லாத ஹீட் மேட் 45 பாகையைத் தாண்டிப் போவது சாதாரணம். நம் ஊர் வெயிலில் ஏற்கெனவே போதுமான சூடு இருக்கும்போது, பாலைவனத்துக் குளிர் இரவுகளுக்கும் ஐரோப்பியக் குளிர்காலத்துக்கும் எடுத்த வீடியோவைப் பார்த்து மேட் வாங்குகிறார்கள். அந்த வீடியோக்காரர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருக்கும். அதையாவது கவனிக்கக் கூடாதா?

சரி, ஒட்டுநாடா. பெட்டிக்கு வெளியேதானே ஒட்டினோம் என்பார்கள். மூடியில் இலேசாக ஒரு இடைவெளி இருந்தால் போதும், பாம்பு மூக்கை அங்கேதான் கொண்டுபோய் வைக்கும். பசைப்பக்கம் உடம்பில் பட்டதும் முறுக்கும், முறுக்க முறுக்க இன்னும் ஒட்டும். பிய்த்து இழுத்தால் செதிலோடு வரும். சமையல் எண்ணெயைத் தடவி, அங்குலம் அங்குலமாக ஊறவைத்துப் பிரிப்பது ஒரு மணி நேர வேலை. எலிக்கு வைக்கும் பசை அட்டையில் மாட்டிய பாம்புக்கும் அதே வைத்தியம்தான். தயவுசெய்து நீங்களே இழுக்காதீர்கள்.

கம்பிவலை மூக்கைத் தேய்க்கும், அந்தப் புண் வாய்க்குள் இறங்கிச் சீழ் வைக்கும். சால்டரிங் அயர்னால் சுட்ட ஓட்டைகளுக்கு உட்பக்கம் கூரான விளிம்பு இருக்கும். விரலால் தடவிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

ஏதோ மலிவாகச் செய்ததுதான் குற்றம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நான் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மூன்று ஆண்டு வேலை பார்த்தவன். அங்கே உரிமம் எடுத்துப் பாம்பு வளர்க்கலாம், அதுவும் உள்நாட்டு இனங்களை மட்டும். அங்கே என்னிடம் வந்துபோன ஒரு ஓய்வுபெற்ற குழாய் வேலைக்காரர் தன் கார்ப்பெட் பைத்தானுக்கு (அந்த ஊர் மலைப்பாம்பு) தெருவோரம் கிடந்த பழைய புத்தக அலமாரியில் வீடு கட்டியிருந்தார். காசே செலவில்லை. ஆனால் கையில் இருந்த பணத்தில் முதலில் வாங்கியது தெர்மோஸ்டாட், இரண்டாவது இரண்டு வெப்பமானிகள். மிச்சமிருந்ததில்தான் மற்றதெல்லாம். ஒரு பக்கம் 32 பாகை, மறுபக்கம் 25 பாகை. பாம்பு தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்துகொள்ளலாம். இரண்டு பக்கமும் ஒளிய இடம். இல்லாவிட்டால் பயந்த பாம்பு ஒளிவதற்காகச் சூட்டையே சகித்துக்கொண்டு கிடக்கும். விளக்கைச் சுற்றிக் கம்பிக்கூண்டு. பலகை இடுக்குகளில் சிலிகோன் பூசி, வினிகர் வாடை அடங்கும்வரை ஒரு வாரம் காயவிட்டார். அப்புறம் இரண்டு வாரம் காலிப் பெட்டியை ஓடவிட்டு, காலை மாலை வெப்பத்தை நோட்டில் குறித்துவைத்தார். தரைக்குப் பழைய செய்தித்தாள். அந்த நோட்டைப் பார்த்த அன்றே அவரிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை மேட்டோடு சேர்த்து இறுக்கமாகப் பொருத்த வேண்டும் என்பதையும் அவரிடம்தான் முதலில் பார்த்தேன். பாம்பு அதைத் தள்ளிவிட்டால் அது குளிர்ந்த காற்றை அளந்துகொண்டு மேட்டை ஓடவிட்டபடியே இருக்கும். மங்கலாக்கும் சுவிட்சு தெர்மோஸ்டாட் ஆகாது. அதை வைத்துக்கொண்டு ஆகும் என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு.

இதைப் படித்துவிட்டு, "அப்ப தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கிவிட்டால் போதும்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது அங்கே. இங்கே கதை வேறு.

சிங்கப்பூரில் வீட்டில் பாம்பு வளர்க்க அனுமதி கிடையாது. எந்தப் பாம்பும். விஷமில்லாதது, குட்டி, பணம் கொடுத்து வாங்கியது, நண்பன் கொடுத்தது, ஒன்றும் செல்லாது. ஊர்வனவற்றில் செல்லப்பிராணியாக அனுமதிக்கப்பட்டவை இரண்டே ஆமை இனங்கள்: செங்காது ஆமை, மலாயாப் பெட்டி ஆமை. பல்லி, ஓணான், பாம்பு எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. டெலிகிராம் குழுவில் 'பால் பைத்தான்' (ball python, பந்துபோல் சுருளும் மலைப்பாம்பு) விற்கிறார்களே என்கிறீர்களா? விற்பவன் பிடிபட்டால் வாங்கியவரும் பிடிபடுவார். 2020இல் திருத்தி, பெயர் மாற்றிக் கடுமையாக்கிய வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் வனவிலங்கை வைத்திருந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பாதுகாக்கப்பட்ட இனமென்றால் இன்னும் அதிகம். 38 வெள்ளிப் பெட்டியின் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வளர்க்க முடியும் என்றே வைத்துக்கொண்டாலும் இந்த இனத்தை எங்கே வைப்பீர்கள்? உலகிலேயே நீளமான பாம்பு இது. ஆறு மீட்டரைத் தாண்டக்கூடியது. நன்றாகத் தின்றால் ஓராண்டில் ஆள் உயரத்தைத் தொட்டுவிடும். மூன்றறை வீட்டில் பெட்டிக்குள் அதை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் குழந்தையின் முகத்தில் எப்படி விழிப்பது? ஊர்வன மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதும் மறந்துவிடுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் அது சின்ன விஷயமில்லை. அந்த வீட்டில் பால் வைத்த பாட்டிக்கு எண்பது வயது.

பையன் பாம்பை நேசித்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்கு எரிச்சலே அங்கேதான் வருகிறது. வெறுத்திருந்தால் லோங்காங்கிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பான், அது இன்று முழு வயிற்றோடு எலி தேடிக்கொண்டிருக்கும்.

காயத்தைக் கழுவி, வெள்ளி சேர்ந்த களிம்பு தடவி (காசில்லை, உலோகம்), நீரேற்றி, தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தகவல் சொன்னேன். அது என் கடமை, மறைக்கச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லாயிடுமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். சில தோல் உரிப்புகள் கடந்தால்தான் தெரியும், மாதக்கணக்கில் ஆகும் என்றேன்.

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் பிடிக்காதீர்கள், அடிக்காதீர்கள். இங்கே துப்பும் நாகமும் உண்டு. எட்ட நின்றே கண்ணில் பீய்ச்சும். பிள்ளைகளையும் நாய் பூனையையும் வேறு அறைக்குக் கொண்டுபோங்கள், பாம்பு இருக்கும் அறைக் கதவைச் சாத்தி இடுக்கில் ஈரத்துண்டைச் சொருகுங்கள், எங்கே போகிறது என்று ஒருவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கட்டும். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600. ஏக்கர்ஸ் வனவிலங்கு மீட்புக் குழுவின் எண் 9783 7782. இப்போதே பதிந்துவையுங்கள். பாம்பு வந்தபிறகு தேடினால் கை நடுங்கும்.

ஏற்கெனவே ஒரு பெட்டியைச் செய்து உள்ளே ஒன்றை வைத்துவிட்டவர்களுக்கு: ஹீட் மேட்டையும் விளக்கையும் இந்த நிமிடமே அணைத்துவிடுங்கள், நம் ஊர் வெப்பம் அதற்குப் போதும். தண்ணீர்க் கிண்ணம் ஒன்று வையுங்கள், பால் வேண்டாம். ராத்திரியோடு ராத்திரியாகப் பூங்காவில் கொண்டுபோய் விடாதீர்கள். அதுவும் குற்றம், அடிபட்ட பாம்பு அங்கே பிழைக்கவும் பிழைக்காது. மேலே சொன்ன எண்ணைக் கூப்பிடுங்கள். என்னைக் கூப்பிட்டாலும் எடுப்பேன். திட்டத்தான் செய்வேன், ஆனால் முதலில் பாம்பைப் பார்த்துவிட்டுத்தான்.