ஸ்டாக் ரோம் போட்டால் ஐஎம்இஐ திரும்பி வராது

'லீனியேஜ் ஓஎஸ் (போன் நிறுவனம் அல்லாமல் வெளியார் உருவாக்கிய ஆண்ட்ராய்டு, அதாவது கஸ்டம் ரோம்) போட்டேன், சிம் எடுக்கவில்லை, நிறுவனமே தரும் ஸ்டாக் ரோமுக்குத் திரும்பியும் சிக்னல் இல்லை.' இதே புகாரோடு இந்த மாதமும் ஒரு ரெட்மி நோட் 5 ப்ரோ வந்தது. கல்லூரியில் படிக்கும் பையன், அப்பாவின் போன். அப்டேட் நின்றுபோன போனைத் தூக்கிப் போடாமல் ஓட்ட நினைத்தது நல்ல எண்ணம்தான். ஆனால் *#06# அழுத்தினால், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 0.

முதலில் நடந்தது சின்னக் கோளாறு. போனில் இருந்த மோடம் ஃபர்ம்வேர் (சிக்னலைக் கவனிக்கும் பகுதியின் மென்பொருள்) பழசு, ரோம் புதுசு. அதனால் செட்டிங்ஸில் அபௌட் போனில் பேஸ்பேண்ட் (அந்த ஃபர்ம்வேரின் பதிப்பு எண்) 'அன்நோன்' என்று காட்டியிருக்கிறது. ரோமுக்குப் பொருந்தும் ஃபர்ம்வேரை ஃபிளாஷ் செய்திருந்தால், அதாவது போனில் ஏற்றியிருந்தால், அதோடு முடிந்திருக்கும். பையனோ ஒரு வீடியோவைப் பார்த்து, ஐஎம்இஐ இருக்கும் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2 என்ற இரண்டு பார்ட்டிஷன்களையும் (போன் சேமிப்பகத்தின் தனிப் பகுதிகள்) கணினியிலிருந்து கட்டளையிடும் ஃபாஸ்ட்பூட்டில் அழித்துவிட்டான். சில சமயம் எஃப்எஸ்ஜி பார்ட்டிஷனில் உள்ள நகலிலிருந்து அவை தானாகத் திரும்பும். அதையும் அழித்திருக்கிறான். பேக்கப் கிடையாது.

"அண்ணா, ஸ்டாக் ரோம் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று சொன்னார்களே?" என்று கேட்டான். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆகாது! ஸ்டாக் ரோம் என்பது அந்த மாடல் போன்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே ஃபைல். உங்கள் போனின் ஐஎம்இஐ அதற்குள் எப்படி இருக்கும்? ஐஎம்இஐயும் ரேடியோ அளவீடுகளும் தொழிற்சாலையில் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக எழுதப்படுபவை. சென்சார் அளவீடுகள் பெர்சிஸ்ட் பார்ட்டிஷனில் இருக்கும், அதுவும் அப்படித்தான். உலகத்தில் எந்தத் தளத்திலும் இவற்றை டவுன்லோட் செய்ய முடியாது. வீட்டுக்கு மறுபடி வெள்ளையடித்தால் தொலைந்த பத்திரம் கிடைத்துவிடுமா?

நண்பன் போனின் இஎஃப்எஸ் (அந்த மோடம்எஸ்டி பகுதிகள்) பேக்கப்பை எடுத்துப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடவே கூடாது. அது அவனுடைய ஐஎம்இஐ. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் இப்படி அடையாள எண்ணைத் திருத்துவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதம். 'நான் எழுதித் தருகிறேன்' என்று யாராவது சொன்னாலும் போனைக் கொடுக்காதீர்கள். பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

ஆகவே ரோமைத் தொடுவதற்கு முன்பே, ரிக்கவரியில் (ஆண்ட்ராய்டுக்கு வெளியே திறக்கும் தனி மெனு) இஎஃப்எஸ், பெர்சிஸ்ட் இரண்டையும் பேக்கப் எடுத்துக் கணினியில் ஒரு நகல் வையுங்கள். போனுக்குள்ளேயே வைத்தால் டேட்டாவை ஃபார்மட் செய்யும்போது அதுவும் போய்விடும். பூட்லோடரை (போன் துவங்கும்போது எந்த ரோமை ஏற்பது என்று பார்க்கும் நிரல்) அன்லாக் செய்யும்போதே போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் அழிந்துவிடும் என்பதால் அவற்றை அதற்கும் முன்னால் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் மாடல் பெயரை நம்பாதீர்கள். இந்தியாவில் ரெட்மி நோட் 5 என்று விற்றதன் கோட்நேம் (நிறுவனம் உள்ளுக்குள் வைக்கும் பெயர்) 'வின்ஸ்', சிப் ஸ்னாப்டிராகன் 625. வெளிநாட்டில் அதே பெயரில் விற்றது 'ஒய்ரெட்', ஸ்னாப்டிராகன் 636, அதாவது நம்மூர் நோட் 5 ப்ரோ. கோட்நேம் பார்த்து ஃபைல் எடுங்கள்.

ஷாவ்மி போனில் கணினி வழியாக ஸ்டாக் ரோம் போடும் கருவியான மி ஃபிளாஷ் திறந்ததும், கீழே 'கிளீன் ஆல் அண்ட் லாக்' (எல்லாவற்றையும் அழித்து பூட்லோடரையும் பூட்டுவது) என்பதுதான் தேர்வாகி நிற்கும். அதை மாற்றாமல் ஃபிளாஷ் பட்டனைத் தொடாதீர்கள். வங்கி ஆப் திறக்கவில்லை என்று கஸ்டம் ரோம் இருக்கும்போதே பூட்லோடரை லாக் செய்கிறவர்கள் தனி ரகம். ஷாவ்மியில் அப்படிச் செய்தால் பெரும்பாலும் போன் பூட் ஆகவே ஆகாது. நோட் 5 ப்ரோவில் ரோல்பேக் தடுப்பு வேறு இருக்கிறது. பழைய எம்ஐயூஐ (ஷாவ்மியின் ஸ்டாக் ரோம்) பதிப்புக்கு இறங்கினால் போர்டு செத்ததுபோல் ஆகிவிடும், மீட்க நிறுவனம் அனுமதித்த கணக்கு வேண்டும்.

சிக்னல் போய்விட்டதா? சரி, பதறாதீர்கள். முதலில் பேஸ்பேண்டைப் பாருங்கள். 'அன்நோன்' என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேர்தான் பிரச்சினை, ஐஎம்இஐ பத்திரமாக இருக்க வாய்ப்புண்டு. பேஸ்பேண்ட் எண் சரியாக வந்து ஐஎம்இஐ மட்டும் 0 என்றால் பேக்கப்பைத் தேடுங்கள். இரண்டில் எதுவானாலும் தயவுசெய்து இன்னொரு வீடியோவைப் பார்த்து இன்னொரு பார்ட்டிஷனை அழிக்காதீர்கள். போனை அப்படியே எடுத்து வந்து, எந்த ஃபைலை எந்த வரிசையில் போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். எழுதி வந்தால் இன்னும் நல்லது.