இரவு வீதி வேலைக்கு அனுமதி இருக்கிறது, சரி. எந்த வேலைக்கு?

சில வருடங்களுக்கு முன், மட்டக்களப்பு நகரத்துக்குள் ஒரு வீதியில் பழைய மதகை உடைத்துப் புதிதாகக் கட்டும் வேலைக்கு நான் சைட் பொறியியலாளராக இருந்தேன். பகலில் அந்த வீதியை மூட வழியில்லை. அதனால் இரவு 8 மணி முதல் அதிகாலை 5 மணி வரை வேலை செய்ய அனுமதி எடுத்திருந்தோம். கடிதத்தில் நேரத்தைப் பற்றி இருந்தது அந்த ஒரு வரி மட்டும்தான்.

முதல் இரவே கொங்கிரீட் வெட்டும் கட்டரின் பிளேட் உடைந்துவிட்டது. மாற்று பிளேட் வந்து சேர்ந்தபோது 11 மணி தாண்டியிருந்தது. 11.40க்கு வெட்டத் தொடங்கினோம். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, எதிர் வீட்டுக் கேற்றைத் திறந்துகொண்டு ஒரு வயதான அம்மா வந்தார். சத்தம் போடவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, "மகள் புள்ள பெத்துப் பன்னிரண்டு நாள் மனே. இப்பதான் புள்ள கண்ணயர்ந்திச்சு. இன்னும் எவ்வளவு நேரம் இப்பிடி?" என்று கேட்டார்.

நான் கையில் இருந்த கடிதத்தைக் காட்டினேன். "அனுமதி எடுத்துத்தான் அம்மா செய்யிறம்."

"உங்களுக்கு அனுமதி தந்திருக்காங்க, சரி. எங்களிட்ட ஆரும் ஒரு சொல்லுச் சொல்லல்லையே மனே."

கட்டரை நான் நிறுத்தவில்லை. 2 மணி வரை ஓடியது. அந்த வீட்டு விளக்கு அதுவரை அணையவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ இரவு வேலைகள் செய்துவிட்டேன். அந்த அம்மா சொன்னதை மனதில் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் திட்டமிட்டேன். வீதி வேலை செய்பவர்களும் அந்த வீதியில் குடியிருப்பவர்களும் இரண்டு பக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரவு வேலை ஏன் தேவைப்படுகிறது என்று சொல்கிறேன். மட்டக்களப்பின் நில அமைப்பே அப்படி. நகரத்தின் மையமான புளியந்தீவு வாவித் தண்ணீரால் சூழ்ந்தது. தெற்கே கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று போகிற அத்தனை போக்குவரத்தும் ஏ4 வீதியில் கல்லடிப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். அதை விட்டால், ஆரையம்பதிக்குப் போய் மண்முனைப் பாலத்தால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு இறங்கி, வவுணதீவு, வலையிறவுப் பாலம் வழியாகச் சுற்றி நகரத்துக்கு வரவேண்டும். காலை ஏழரை மணிக்குக் கல்லடிப் பக்கம் ஒரு பாதையை மூடினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டுமா மாட்டுவார்கள்? வாவிக்குக் கிழக்கே இருக்கிற எழுவான்கரையிலிருந்து போதனா வைத்தியசாலைக்கு வருகிற அம்புலன்சும் அந்த வரிசையில்தான் நிற்கும். இப்படியான இடத்தில் இரவு வேலைதான் சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காலநிலையும் ஒரு காரணம். மாரி மழை தொடங்கிவிட்டால் காபெட், அதாவது வீதியின் மேல் தார்க் கலவை, போட முடியாது. கிடைக்கிற வறண்ட மாதங்களுக்குள் முடித்தாக வேண்டும். அந்த மாதங்களின் பகல் வெயிலில் கொங்கிரீட் இட்டால் ஈரம் சீக்கிரம் வற்றி மேற்பரப்பில் வெடிப்பு விழும். இரவில் இட்டால் அந்தப் பயம் குறைவு.

ஆனால், வேலை அட்டவணை பின்தங்கிவிட்டது என்பதை இரவு வேலைக்குக் காரணமாக நான் ஏற்க மாட்டேன். குழாய் வெடித்து வீதி அரித்துப் போகிறது என்றால் அது அவசரம். மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு, கடைசி மாதத்தில் இரவு பகலாக ஓடுவதை அவசரம் என்று சொல்ல முடியாது. அனுமதி கொடுக்கும் மேசையில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

சட்டத்தைப் பற்றி எங்கள் ஆட்களிடம் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. "பத்து மணிக்கு மேலதான் சத்தம் போடக் கூடாது" என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பத்து மணி ஒலிபெருக்கிக்கு உரியது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் சொன்னதிலிருந்து வந்த பழக்கம். கட்டுமான வேலைக்குக் கணக்கு வேறு. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வந்த ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கி மறுநாள் காலை 6 மணிக்கு முடிகிறது. கட்டுமானச் சத்தம் வேலைத்தளத்தின் எல்லையில் பகலில் 75 டெசிபல் வரை, இரவில் 50 டெசிபல் வரை. இரண்டுக்கும் இடையில் 25தானே என்று தோன்றும். டெசிபல் அப்படிக் கூட்டிக் கழிக்கிற அளவு இல்லை. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்புச் சத்தமாகக் கேட்கும். 25 டெசிபல் என்றால் ஒலிச் சக்தியில் 300 மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

சரி, ஒரு கொங்கிரீட் கட்டர் எவ்வளவு சத்தம் போடும்? 15 மீட்டர் தூரத்தில் நின்று அளந்தால் 90 டெசிபலை நெருங்கும். ஜாக் ஹேமரும் அப்படித்தான். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும். 30 மீட்டரில் 84, 60 மீட்டரில் 78. இப்படியே போனால் 50க்கு இறங்க ஒன்றரைக் கிலோமீட்டர் வேண்டும். நகரத்தில் இடையில் மதில்களும் வீடுகளும் நிற்பதால் அதைவிடச் சீக்கிரம் குறையும், உண்மைதான். ஆனாலும் வீதியோரத்து வீட்டுக்கு 50 டெசிபலில் எந்த வீதி இயந்திரமும் ஓடாது. காபெட் கலவையை விரிக்கிற, கட்டரை விடச் சத்தம் குறைந்த பேவர்கூட ஓடாது. அதனால்தான் சொல்கிறேன், "8 முதல் 5 வரை" என்று எழுதிக் கொடுக்கும் கடிதம் போதாது. வரம்பைத் தாண்டித்தான் வேலை நடக்கப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே கொடுப்பதென்றால், எந்த இயந்திரம், எந்த மணி வரை, எத்தனை இரவு என்று பிரித்து எழுத வேண்டும்.

வாவிக்கரையில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. இரவில் தரையையும் தண்ணீரையும் ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருக்கிற காற்று சற்றுச் சூடாக இருக்கும்போது, மேலே போகிற ஒலி வளைந்து கீழே திரும்பும். தண்ணீர்ப் பரப்பு ஒலியை உறிஞ்சாது. மறிக்க மதிலும் இல்லை. அதனால் கல்லடியில் ஓடுகிற கட்டர் புளியந்தீவுக் கரையில் பக்கத்து வீட்டில் ஓடுவது போலக் கேட்கும். எங்கள் ஊரை மீன் பாடும் தேனாடு என்கிறார்கள். நிலவுக் காலத்தில் தோணியை அசையாமல் நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியில் காதை வைத்து அந்த ஒலியைக் கேட்ட ஊர் இது. அந்த வாவிக்கரையில் மெஷின் வைக்கும்போது பக்கத்து வீடுகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் போதாது. அக்கரையையும் எண்ண வேண்டும்.

இப்போது குடியிருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. வீதி வேலையில் இரண்டு வகை இருக்கிறது. வெட்டுவது, உடைப்பது, பழைய காபெட்டைச் சுரண்டுவது எல்லாம் ஒரு வகை. சத்தம் அதில்தான் அதிகம். ஆனால் எந்த நிமிடத்திலும் நிறுத்தலாம். நாளைக்கு அதே இடத்திலிருந்து தொடரலாம். காபெட் போடுவது மற்ற வகை. கலவை ஆலையிலிருந்து சுமார் 150 பாகை சூட்டில் டிப்பரில் ஏறுகிறது. அதை விரித்து, சூடு ஆறி இறுகுவதற்குள் ரோலரால் அமுக்கி முடிக்க வேண்டும். ஆறிய பிறகு எத்தனை தரம் ரோலர் ஓடினாலும் இறுகாது. அடுத்த மாரியிலேயே அந்த இடம் பெயர்ந்து குழி விழும். ஆகவே நடுச்சாமம் ஒரு மணிக்கு பேவர் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்து நிறுத்தச் சொன்னால், நிறுத்த முடியாது என்று சொல்வது பிடிவாதம் இல்லை. ஆனால் அதே ஒரு மணிக்குக் கட்டர் ஓடினால் தாராளமாகக் கேளுங்கள். "இதை ஒன்பது மணிக்கு முதல் வெட்டியிருக்கலாமே?" என்று கேட்டால் பதில் சொல்ல எந்தப் பொறியியலாளரும் கஷ்டப்படுவார். நானும் அன்றிரவு பிளேட் வந்தவுடன் வெட்டத் தொடங்காமல், ஆட்களை அனுப்பிவிட்டு அடுத்த நாள் மாலையே வெட்டியிருக்க வேண்டும். ஓர் இரவுக் கூலி நட்டமாகியிருக்கும். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு என் வேலைகளில் ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். வெட்டும் வேலையைப் பின்னேரம், ஒரு பாதியை மட்டும் மறித்துச் செய்வோம். உடைப்பது இரவு ஒன்பது மணியோடு முடியும். முடியாவிட்டால் குழிக்கு மேல் இரும்புத் தகடு போட்டு மூடிவிட்டு அடுத்த நாள் தொடர்வோம். நடுச்சாமத்துக்குப் பிறகு கைவேலை, கம்பி கட்டுவது, கொங்கிரீட் இடுவது, காபெட் போடுவது மட்டும்.

சின்னச் சின்ன சத்தங்களும் இருக்கின்றன. உண்மையில் தூக்கத்தைக் கெடுப்பவை இவைதான். ஒரே அளவில் ஓடுகிற ஜெனரேட்டர் சத்தத்துக்குக் காது ஓரளவு பழகிவிடும். டிப்பர் பின்னுக்கு வரும்போது அடிக்கிற "பீப் பீப்", கொட்டி முடித்து பின்கதவை டமாரென்று அடிப்பது, இரும்புத் தகட்டைத் தூக்கிப் போடுவது, ஆளை ஆள் கத்திக் கூப்பிடுவது, இவைதான் தூங்குகிறவரைத் தூக்கிப் போடும். படுக்கையறைக்குள் இரவுச் சராசரி 30 டெசிபல், தனித்து எழும் ஒரு சத்தம் 45 டெசிபல், இவற்றைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே இரண்டையும் தனித்தனியாகச் சொன்னது அதனால்தான். எங்கள் ஒழுங்குவிதியில் இருப்பது சராசரிக் கணக்கு. டிப்பர் கதவு அடிக்கிற அரை விநாடி அந்தச் சராசரியில் கரைந்துவிடும். பன்னிரண்டு நாள் பிள்ளைக்குக் கரையாது. இதைச் சரிசெய்யப் பெரிய செலவும் இல்லை. டிப்பர் பின்னுக்கு வராமல் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் போக வழி ஒதுக்கலாம். பீப் சத்தத்துக்குப் பதிலாக "ஷ்ஷ்" என்று இரைகிற எச்சரிக்கைக் கருவி கிடைக்கிறது. அது பக்கத்தில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும், தூரத்து வீட்டைக் குத்தாது. ஜெனரேட்டரை வீட்டு யன்னலுக்கு நேரே வைக்காமல் கடைத்தெரு மதிலோரம் வைக்கலாம். வெளிச்சக் கோபுரத்தைத் தலை குனிய வைத்தாலே பாதி வீடுகள் இருட்டாகிவிடும்.

அறிவித்தல் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மதகு வேலையில் இரண்டாம் நாள் காலை நான் வீடு வீடாகப் போனேன். நாற்பது வீடு இருக்கும். ஒரு வீட்டில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. இன்னொரு வீட்டில் இரவுக் காவல் வேலை பார்த்துவிட்டுப் பகலில் உறங்குகிறவர், அவருக்கு எங்கள் இரவுச் சத்தத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, பகல் சத்தம்தான் பிரச்சினை. எந்த அலுவலகக் கடிதத்திலும் இந்த விவரம் கிடைக்காது. காத்தான்குடி, ஏறாவூர் பக்கம் நோன்பு மாதத்தில் இரவு வேலை வைத்தால், தராவீஹ் தொழுகை முடிந்து சனம் கலைகிற நேரமும் ஸஹருக்கு எழும்புகிற நேரமும் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் திருவிழா நடக்கிறபோது அமிர்தகழிப் பக்கம் எந்த வேலையும் வைக்காமல் இருப்பது நல்லது. அறிவித்தல் துண்டில் தேதி, எந்த நேரத்தில் சத்தம் அதிகம், எத்தனை இரவு, இரவில் எடுக்கிற ஒரு தொலைபேசி இலக்கம், இவ்வளவும் இருந்தால் போதும். அந்த இலக்கம் சைட்டில் நிற்கிறவருடையதாக இருக்க வேண்டும். அலுவலக இலக்கம் இரவு இரண்டு மணிக்கு அடித்துக்கொண்டே இருக்கும்.

அறிவித்தல் எதுவும் வராமல் வேலை தொடங்கிவிட்டால் என்ன செய்வது? அந்த இரவே சைட்டில் பொறுப்பாளரைக் கேட்டு, அனுமதிக் கடிதத்தைப் பார்க்கக் கேளுங்கள். காலையில் அது யாருடைய வீதி என்று பாருங்கள். ஏ, பி வகை வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபை, உள் வீதிகள் பெரும்பாலும் மாநகர சபை அல்லது பிரதேச சபை. மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலும் முறையிடலாம். வைத்தியசாலை, பாடசாலை, நூலகம், நீதிமன்றம் இவற்றின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் அமைதி வலயம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டும் அனுமதியின் பிரதியை வாங்கலாம். ஆனால் அது கைக்கு வருவதற்குள் வேலை முடிந்துவிடக்கூடும், நேரில் போவதுதான் வேகம். விடாமல் தொடர்கிற தொல்லை என்றால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவில் நீதவான் கட்டளையிடவும் வழி இருக்கிறது.

இன்னும் ஒன்று, ரோலர். அதிர்வு போட்டு ஓடும்போது எங்கள் கரையோர மணல் நிலத்தில் வீடு நடுங்குவது தெரியும். புளியந்தீவில் பழைய ஓட்டு வீடுகள் இருக்கின்றன. வீதியோரத்தில் பழைய கிணற்றுக் கட்டுகள் இருக்கின்றன. அப்படியான இடத்தில் அதிர்வை நிறுத்தி, வெறும் பாரத்தால் கூடுதல் தரம் ஓட்டி இறுக்கலாம். கேட்டால் செய்வார்கள். வேலை தொடங்குமுன் உங்கள் சுவர், மதில், கிணறு எல்லாவற்றையும் தேதி விழுகிற மாதிரி போனில் படம் எடுத்து வையுங்கள், பழைய வெடிப்பு இருந்தால் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். ஒப்பந்தக்காரரும் இதே படங்களை எடுப்பது நல்ல வழக்கம். மதகு வேலையில் நாங்கள் எடுத்திருக்கவில்லை. எதிர் வீட்டு அம்மாவின் மதிலில் ஒரு வெடிப்பு இருந்தது. எங்களுக்கு முன்னமே இருந்ததா, எங்களால் வந்ததா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நாங்களே பூசிக் கொடுத்தோம்.