காகிதத்தைத் தின்னும் மை

பழைய ரெவின்யூ ரிஜிஸ்டர் ஒன்றைப் புரட்டிய வாசகர் கேட்கிறார்: "எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருக்கிறது. பூச்சி இப்படியா அரிக்கும்?"

பூச்சி இல்லை, மைதான் அரித்திருக்கிறது. 1786இல் மதராஸில் வருவாய் வாரியம் தொடங்கிய காலத்தில் குமாஸ்தாக்கள் காகிதத்தில் எழுதியது இரும்பு மையால். செய்முறை எளிது. மாசிக்காயின் துவர்ப்புச் சாற்றில் அன்னபேதியைக் கரைத்து, கொஞ்சம் பிசின் சேர்ப்பார்கள். மாசிக்காய்க்குப் பதில் கடுக்காயும் ஆகும். எழுதும்போது வெளிறித் தெரிகிற எழுத்து, காற்றுப் பட்டதும் கறுத்துவிடும்.

அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். சாற்றோடு அது சேரும்போது கந்தக அமிலம் மிஞ்சுகிறது. காகிதத்தின் நாரான செல்லுலோஸின் சங்கிலியை அது அறுக்கும். இது தெரிந்த கதை. சாற்றோடு சேராமல் தங்கிவிட்ட இரும்பு செய்வதுதான் அபாரம். காகிதத்தில் உண்டாகும் துளி பெராக்சைடை அது உடைத்து, எதையும் தாக்கும் ஹைட்ராக்சில் துணுக்கை விடுவிக்கிறது. அந்தத் துணுக்கு செல்லுலோஸைக் கடிக்கிறது. இரும்போ செலவாவதில்லை, பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த பெராக்சைடுக்குக் காத்திருக்கும். கையளவு இரும்பு வேண்டாம், ஒரு கையெழுத்தில் இருப்பதே நூறாண்டுக்குப் போதும். ஈரக்காற்று இதை இன்னும் விரைவுபடுத்தும். வேப்பிலையும் வசம்பும் வைத்தால் பூச்சி போகலாம், இரும்பு போகாது.

சரி, தண்ணீரில் அலசிவிடலாமா? கூடாது. கரைந்த இரும்பு எழுத்தில்லாத இடத்துக்கும் பரவி அங்கேயும் அரிக்கத் தொடங்கும். 1990களில் நெதர்லாந்தில் இதற்கு வழி கண்டார்கள்: பைட்டேட். நம் அரிசித் தவிட்டில் நிறைய இருக்கும் அதே பொருள். உணவில் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைப்பதாக அதன்மேல் புகார் உண்டு. காகிதத்திலும் அதையே செய்கிறது. மிச்ச இரும்பை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் கால்சியம் பைகார்பனேட் கரைசலில் நனைத்தால் அமிலமும் அடங்கும்.

ஸ்கேன் செய்துவிட்டால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகம் போன்ற இடங்களுக்கு ஸ்கேனர் வாங்கப் பணம் ஒதுக்கும்போது வேதியியலாளர்களுக்கும் ஒதுக்க வேண்டும். ஒரு கிராமத்தின் தீர்வைத் தொகை சுரண்டித் திருத்தப்பட்டிருந்தால், இரண்டு மைகளிலும் உள்ள துத்தநாகம், செம்பின் அளவு வேறுபடக்கூடும். எக்ஸ்-கதிர் அதைக் காட்டிக்கொடுக்கும். அதற்கு அந்தக் காகிதமே வேண்டும்.