கிராண்ட் ஸ்லாம் அடித்தவருக்கு 4 ரன்னும் சொந்தமா?

2012-இல் அமெரிக்க பேஸ்பாலில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் மிகுவேல் கப்ரேரா பேட்டிங் சராசரி (.330), ஹோம் ரன் (44), ஆர்.பி.ஐ. (தன் அடியால் அணிக்கு வந்த ரன்கள், 139) மூன்றிலும் அமெரிக்கன் லீக்கில் (மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) முதலிடம். 45 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த டிரிபிள் கிரவுன். லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருதும் அவருக்கே. அது சரியான தீர்ப்புதானா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தவறு என்பேன். காரணம், ஆர்.பி.ஐ.

ரன் எடுக்க ஓடுபவர் வழியில் நிற்கும் மூன்று பேஸ்களில் ஆள் நிற்கும் விதம் 8, அவுட் எண்ணிக்கை 3 (பூஜ்யம், ஒன்று, இரண்டு; மூன்றாவது அவுட்டில் இன்னிங்ஸ் முடிந்துவிடும்). பெருக்கினால் 24 நிலைகள். ஆயிரக்கணக்கான ஆட்டங்களை அலசி, ஒவ்வொரு நிலையிலிருந்தும் அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ரன் வருகிறது என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். அவுட் இல்லை, பேஸ் காலி என்றால் சுமார் 0.5 ரன். அவுட் இல்லை, மூன்று பேஸிலும் ஆள் என்றால் சுமார் 2.3.

இப்போது, அவுட் இல்லாமல் மூன்று பேஸிலும் ஆள் நிற்க, ஒருவர் ஹோம் ரன் அடித்து நால்வரையும் ரன் எடுக்க வைக்கிறார்; இதுதான் கிராண்ட் ஸ்லாம். ஆர்.பி.ஐ. கணக்கில் 4. ஆனால் அவர் மட்டையோடு வந்தபோதே 2.3 ரன் எதிர்பார்ப்பில் இருந்தது. அடித்த பின் 4 ரன் கையில், பேஸ் காலி, 0.5 மிச்சம். 4.5-இலிருந்து 2.3 போனால் 2.2. அவர் சேர்த்தது அவ்வளவுதான், மீதி 1.8 அவருக்கு முன்னால் பேஸில் போய் நின்ற மூவரின் உழைப்பு. எவ்வளவு நேர்மையான கழித்தல்!

இதே அட்டவணை, ஸ்கோர்போர்டில் தெரியாத நஷ்டங்களையும் பிடித்துவிடும். அவுட் இல்லாமல் முதல் பேஸில் ஆள் நிற்கிறார் (சுமார் 0.9); பேட்டர் டபுள் பிளேயில் (ஒரே பந்தில் இருவர் அவுட்) சிக்கினால் இரண்டு அவுட், காலி பேஸ், மிச்சம் 0.1. முக்கால் ரன்னுக்கு மேல் போச்சு. அந்த ஆண்டு கப்ரேரா 28 முறை இப்படிச் சிக்கினார். ஆர்.பி.ஐ.யில் இதற்குக் கழிவே கிடையாது.

விருதுக்குப் போட்டியில் இருந்த ஏஞ்சல்ஸ் அணியின் மைக் டிரவுட் அதே ஆண்டு 49 பேஸ் திருடினார் (பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), பிடிபட்டது 5 தடவைதான். ஒரு திருட்டுக்கு ஏறத்தாழ 0.2 ரன் லாபம், பிடிபட்டால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நஷ்டம். நான்கில் மூன்று தேறினால்தான் ஓடுவதில் அர்த்தம். டிரவுட் பத்தில் ஒன்பது தேறினார். அதோடு ஃபீல்டிங்கில், மைதானத்தின் நடு வெளிப்பகுதியான சென்டர் ஃபீல்டில் அவர் தடுத்த ரன்கள் தனி.

இப்படிச் சேர்ந்த ரன்களை ஏறக்குறைய பத்துக்கு ஒரு வெற்றி என்று மாற்றி, எளிதில் கிடைக்கும் மாற்று ஆட்டக்காரரோடு ஒப்பிட்டால் கிடைப்பதுதான் 'வார்' எண்.

விருதைத் தருவதோ பேஸ்பால் எழுத்தாளர் சங்கம். லீக்கில் அணி உள்ள நகரம் ஒன்றுக்கு இருவர் வாக்களிப்பார்கள். ஒவ்வொருவரும் 10 பெயர் எழுத வேண்டும். முதலிடத்துக்கு 14 புள்ளி, அடுத்து 9, 8 என்று 1 வரை இறங்கும். 2012-இல் 28 பேரில் 22 பேர் கப்ரேராவை முதலில் எழுதினார்கள்: அவருக்கு 362 புள்ளி, டிரவுட்டுக்கு 281.

எண்ணை மட்டும் பார்த்து விருது கொடுக்கச் சொல்லவில்லை. ஃபீல்டிங் அளவீடு ஒரே சீசனில் நிறையவே ஆடும். 'வார்' வித்தியாசம் ஒன்றுக்குள் இருந்தால் இருவரும் சமம் என்று வைத்துக்கொண்டு, மற்றதை வாக்காளர் எடை போடட்டும். ஆனால் அன்று டிரவுட் முன்னிலையில் இருந்தது சுமார் 3 வெற்றி.