கண்டென்சர் மைக் பக்கத்து வீட்டு மிக்ஸியையும் சேர்த்து இழுக்குமா?

வீட்டுலயே கவர் சாங் பாடலாம், டப்பிங் பழகலாம், பாட்காஸ்ட் ஆரம்பிக்கலாம்னு யார் கிளம்பினாலும் முதல்ல வர்ற அட்வைஸ் ஒண்ணுதான். "கண்டென்சர் வாங்கிடாத, அது பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவுல போற ஆட்டோ எல்லாத்தையும் இழுக்கும், டைனமிக் வாங்கு, அது வாய்க்கு முன்னாடி இருக்கறதை மட்டும்தான் எடுக்கும்." சொல்றவங்க அனுபவத்துல கேட்டதைத்தான் சொல்றாங்க, அது பொய் இல்ல, ஆனா அதுக்கு அவங்க சொல்ற காரணம்தான் தப்பு. எது உங்க குரல் எது மிக்ஸின்னு பிரிச்சுப் பாக்குற மூளையெல்லாம் எந்த மைக்குக்கும் கிடையாது, தன் மேல வந்து மோதுற காத்தோட அழுத்தம் ஏறுது இறங்குது, அவ்ளோதான் அதுக்குத் தெரியும். அதனால எதை வாங்கறதுன்னு பேசறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பாத்துடலாம்.

ஃபேன் மெதுவா சுத்துனா எலக்ட்ரீஷியன் வந்து ஒரு கண்டென்சரை மாத்திட்டுப் போவாருல்ல, அடிப்படையில அதே சாமான்தான் மைக்குக்குள்ளயும் இருக்கு. ரெண்டு உலோகத் தகடு, நடுவுல ஒரு இடைவெளி, தகட்டுல மின்சாரத்தை ஏத்தி வச்சா அப்படியே நிக்கும். ஃபேன்ல போடறது 2.5 மைக்ரோ ஃபேரட் சைஸ்ல இருக்கும், மைக்ல இருக்கறது அதை விட சுமார் 50,000 மடங்கு சின்னது, சில பத்து பிக்கோ ஃபேரட்தான் தேறும். இன்னொரு பெரிய வித்தியாசம், இங்க ஒரு தகடு அசையும். அது தகடுன்னு சொல்றதே கொஞ்சம் ஓவர், சில மைக்ரான் கனம் இருக்கற பிளாஸ்டிக் ஃபிலிம், அது மேல தங்கத்தை ஒரு பூச்சு பூசியிருப்பாங்க (நம்ம தலைமுடி சுமார் 70 மைக்ரான் கனம்னு வச்சுக்கிட்டா இது எவ்ளோ மெல்லிசுன்னு புரியும்). இதைத்தான் டயாஃப்ரம்னு சொல்றாங்க.

நீங்க பாடும்போது காத்து அந்த ஃபிலிமைத் தள்ளுது, ரெண்டு தகட்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி கூடுது குறையுது, அதோட கெப்பாசிட்டன்ஸும் (சார்ஜைப் பிடிச்சு வைக்கற திறன்) மாறுது. ஆனா அதுல ஏத்தி வச்ச சார்ஜ் அவ்ளோ சீக்கிரம் வெளிய ஓட முடியாது, ஏன்னா வழியில ஜிகா ஓம் கணக்குல ஒரு ரெசிஸ்டர் உக்காந்திருக்கு. சார்ஜ் மாறாம கெப்பாசிட்டன்ஸ் மட்டும் மாறினா வோல்டேஜ் மாறித்தான் ஆகணும், அந்த வோல்டேஜ் ஆட்டம்தான் உங்க குரல். பிரச்சனை என்னன்னா இந்த சிக்னலுக்கு தெம்பே கிடையாது, ரெண்டு அடி கேபிள் போட்டாலே அந்த கேபிளோட கெப்பாசிட்டன்ஸ்ல பாதி கரைஞ்சிடும். அதனால கேப்சூலுக்கு (ரெண்டு தகடும் சேர்ந்த அந்த பாகம்) ஒட்டுனாப்லயே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் வேணும், அதுக்கு கரண்ட் வேணும், இன்டர்ஃபேஸ்ல (மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கற பெட்டி) 48 வோல்ட்னு ஒரு பட்டன் இருக்கறதே இதுக்காகத்தான்.

இந்த ஐடியா புதுசெல்லாம் இல்ல. அமெரிக்காவுல வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில (பின்னாடி பெல் லேப்ஸா மாறின ஆராய்ச்சிக் கூடம் இதுலேர்ந்துதான் வந்துச்சு) வேலை பார்த்த வென்டே 1916லயே கண்டென்சர் மைக்கை செஞ்சுட்டாரு, 1928ல பெர்லின்ல நாய்மான் கம்பெனி அதை விக்கறதுக்குன்னே தயாரிக்க ஆரம்பிச்சது. அப்பல்லாம் உள்ள ஆம்ப்ளிஃபையருக்கு வால்வு (பழைய ரேடியோல இருக்கற கண்ணாடிக் குழாய்), அதனால ஒவ்வொரு மைக்குக்கும் தனியா ஒரு பவர் சப்ளை பெட்டியைத் தூக்கிட்டு அலையணும். டிரான்சிஸ்டர் வந்த பிறகு 1966ல நார்வே ரேடியோக்காரங்களுக்காக நாய்மான் ஒரு வழி பண்ணாங்க, சிக்னல் போற கேபிள்லயே பவரையும் அனுப்பறது. அங்க ஸ்டுடியோவுல எமர்ஜென்சி லைட்டுக்கு ஏற்கெனவே 48 வோல்ட் சப்ளை இருந்துச்சு, சரி அதையே எடுத்துக்கலாம்னு எடுத்தாங்க. இன்னைக்கு உலகம் பூரா இருக்கற ஆடியோ இன்டர்ஃபேஸ்ல அந்த நம்பர் உக்காந்திருக்கறதுக்கு ஃபிசிக்ஸ் காரணம் எதுவும் இல்ல, நார்வேல கரண்ட் போனா எரியற பல்புதான் காரணம்!

நடுவுல 1962ல அதே பெல் லேப்ஸ்ல செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் சேர்ந்து ஃபாயில் எலெக்ட்ரெட்னு ஒண்ணு கண்டுபிடிச்சாங்க, தயாரிக்கும்போதே சார்ஜை ஃபிலிமுக்குள்ள நிரந்தரமா பதிச்சுடறது. இதுல கேப்சூலுக்குத் தனியா வோல்டேஜ் வேண்டாம், உள்ள இருக்கற குட்டி ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும் கொடுத்தா போதும். விலை அடியோட இறங்கிடுச்சு. எலெக்ட்ரெட்னாலே மட்டம்னு சிலர் சொல்வாங்க, அதை நம்பாதீங்க, நம்ம ஊர்ல நிறைய பேர் முதல் மைக்கா வாங்கற ஆடியோ டெக்னிகா ஏடி 2020 கூட அந்த வகைதான். ஆனா ஆயிரத்து சொச்சத்துக்கு ஸ்டாண்ட், ஃபில்டர் எல்லாம் சேர்த்து ஒரு செட்டா வருதே பிஎம் 800 டைப் மைக், அது வேற கதை. பாக்க ஸ்டுடியோ மைக் மாதிரி குண்டா இருக்கும், உள்ள பலதுல சின்ன எலெக்ட்ரெட் கேப்சூலும் ஏனோதானோன்னு ஒரு சர்க்யூட்டும்தான், கம்ப்யூட்டர்ல நேரா சொருகினா உஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் கூடவே வரும்.

சரி, மிக்ஸிக்கு வருவோம். டைனமிக் மைக்ல ஃபிலிமோட பின்னாடி ஒரு காயில் ஒட்டியிருக்கும், அது காந்தத்துக்கு நடுவுல ஆடி கரண்டை உண்டாக்கும். காயிலோட வெயிட்டையும் காத்து தள்ள வேண்டியிருக்கு, வர்ற வோல்டேஜும் கம்மி. மேடைக் கச்சேரியில எல்லாரும் பாத்திருக்கற ஷூர் எஸ்எம் 58, ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு 1.85 மில்லிவோல்ட்தான் தரும், அதே அழுத்தத்துக்கு ஏடி 2020 சுமார் 14 மில்லிவோல்ட் தரும். அதாவது ஏழு மடங்குக்கும் மேல. இப்ப கெயினை (இன்டர்ஃபேஸ்ல சிக்னலைப் பெருக்கற திருகு) தொடாம ஒண்ணைக் கழட்டிட்டு இன்னொண்ணை மாட்டினா என்ன ஆகும், உங்க குரலும் ஏழு மடங்கு, ஃபேனும் ஏழு மடங்கு, மிக்ஸியும் ஏழு மடங்கு. கேக்கறவங்க காதுல ஃபேன்தான் விழும், "பாத்தியா இழுக்குது"ம்பாங்க. ஆனா ரெண்டு மைக்கையும் வாய்லேர்ந்து ஒரே தூரத்துல வச்சு, குரல் ஒரே லெவல்ல வர்ற மாதிரி கெயினைச் சரி பண்ணிட்டு கேளுங்க, ரெண்டும் கார்டியாய்டு மைக்கா (முன்னாடி வர்ற சத்தத்தை அதிகமா, பின்னாடி வர்றதை கம்மியா எடுக்கற வகை) இருந்தா குரலுக்கும் ஃபேனுக்கும் இருக்கற விகிதம் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கும்.

உண்மையான வித்தியாசம் தூரத்துலதான் இருக்கு. டைனமிக்கை உதட்டோட ஒட்டி ரெண்டு இன்ச்ல பிடிச்சுப் பாடறாங்க, கண்டென்சரை எட்டு இன்ச் தள்ளி வைக்கறாங்க. தூரம் பாதியானா குரல் 6 டெசிபல் கூடும், அப்ப எட்டுலேர்ந்து ரெண்டுக்கு வந்தா 12 டெசிபல், ஃபேன் இருக்கற இடத்துலயே இருக்கு, அது மாறல. ஜெயிச்சது டைனமிக் இல்ல, ரெண்டு இன்ச். என்ன, கண்டென்சரை அவ்ளோ கிட்ட வச்சா மூச்சுக் காத்து ஃபிலிமை அடிச்சு 'ப' வர்ற இடமெல்லாம் டப்பு டப்புன்னு வெடிக்கும், பேஸும் ஏகத்துக்கு ஏறும் (கார்டியாய்டு மைக் எல்லாத்துலயும் கிட்டப் போனா பேஸ் ஏறும்), பாப் ஃபில்டர் (வாய்க்கும் மைக்குக்கும் நடுவுல வைக்கற வலை) இல்லாம முடியாது. நாலு அஞ்சு இன்ச் நல்ல சமரசம். இன்னொண்ணையும் ஒத்துக்கணும், ஃபிலிம் லேசா இருக்கறதால 10 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கற சமாச்சாரத்தை கண்டென்சர் நல்லா பிடிக்கும், குரல்ல ஒரு பளபளப்பு வர்றதும் அதால, எச்சில் சத்தம் கேக்கறதும் அதாலதான்.

மைக் வாங்கும்போது ஸ்பெக் ஷீட்ல செல்ஃப் நாய்ஸ்னு ஒரு நம்பர் இருக்கும், மைக் தானா போடற இரைச்சல். ஏடி 2020க்கு 20 டெசிபல், அதோட அண்ணன் ஏடி 2035க்கு 12, ரோடுங்கற கம்பெனியோட என்டி1 அஞ்சாம் தலைமுறைக்கு வெறும் 4. இதை வச்சு ரிவ்யூல பெரிய சண்டையே நடக்கும். உங்க ரூம்ல எவ்ளோ இரைச்சல்ங்கறதை யாரும் கேக்க மாட்டாங்க. ஏதோ ஒரு ஃப்ரிட்ஜ், தெரு சத்தம் எல்லாம் சேர்ந்து ரூம் 35 டெசிபல்னு வைங்க, 20 டெசிபல் மைக்கை அதுல வச்சா மொத்த இரைச்சல் 35.1 ஆகும், 4 டெசிபல் மைக்கை வச்சா 35. அந்த 0.1ஐ எந்தக் காதாலயும் கேக்க முடியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாத்தையும் அணைச்சு 25 டெசிபலுக்குக் கொண்டு வந்தாக்கூட வித்தியாசம் 1.2 டெசிபல்தான். வீணை, மெதுவா படிக்கற கதை, இந்த மாதிரி வேலையை நிஜமாவே அமைதியான ரூம்ல பண்றவங்களுக்கு மட்டும்தான் அந்த நம்பர் காசு கொடுக்க வேண்டிய விஷயம். இவ்ளோ ஏன், ஸ்டுடியோக்காரங்க சாமி மாதிரி கும்பிடற நாய்மான் யு 87க்கே செல்ஃப் நாய்ஸ் 12 டெசிபல், அந்த என்டி1ஐ விட விலை பத்து மடங்குக்கும் மேல, ஒருத்தரும் குறை சொன்னதில்ல.

நம்பரை விட நான் பயப்படறது ஹை ஃப்ரீக்வென்சியைப் பாத்துதான். யு 87ல இருக்கற கேப்சூலுக்கு இயல்பாவே மேல் ஸ்தாயில ஒரு ஏத்தம் உண்டு, அதை உள்ள இருக்கற சர்க்யூட் திருப்பிக் குறைச்சுடும். சீப்பா வர்ற பல மைக்குங்க அந்த கேப்சூலோட டிசைனை மட்டும் காப்பி அடிச்சு, சர்க்யூட்ல அந்தக் குறைக்கற வேலையை விட்டுட்டாங்க. கடையில கேக்கும்போது "ஆஹா என்ன கிளியரா இருக்கு"ன்னு தோணும், வீட்டுக்கு வந்து நாலு ட்ராக் அடுக்கினா 'ச' 'ஸ' 'ஷ' எல்லாம் காதைக் கீறும். அதனால சாம்பிள் கேக்கும்போது பாட்டோட ஹம்மிங்கைக் கேக்காதீங்க, 'சரிகமபதநி ஸ' மாதிரி ஸகாரம் நிறைய வர்றதைப் பாட வச்சுக் கேளுங்க.

ரூம் விஷயம் இன்னும் மோசம். நம்ம ஊர் வீட்டுல பத்துக்குப் பத்து ரூம், தரையில டைல்ஸ், நாலு பக்கமும் கான்க்ரீட்டும் சுவரும், உயரமும் பத்தடின்னா கேக்கவே வேண்டாம். பத்தடிக்கு நடுவுல 56 ஹெர்ட்ஸ்லயும் அதோட ரெட்டிப்பான 112லயும் ஒலி போய் வந்து தன்னையே ஏத்திவிட்டுக்கும், ரூம் சதுரமா இருந்தா நீளத்துலயும் அகலத்துலயும் அதே நம்பர் குவியும். 112 ஆம்பளைக் குரல் இருக்கற இடம், அதான் பேசினா பானைக்குள்ள பேசற மாதிரி கேக்குது. அந்த அலையோட நீளமே சுமார் பத்தடி, ஒரு இன்ச் முக்கோண ஃபோமை சுவர்ல ஒட்டினா அதுக்கு எங்க தெரியப் போகுது. ஃபோம் மேல் ஸ்தாயை மட்டும் தின்னுட்டு கீழ் ஸ்தாயில இருக்கற முழக்கத்தை அப்படியே விட்டுடும். கனமான பஞ்சு மெத்தை, ராக்வுல் (கல்லை உருக்கி இழையாக்கின பஞ்சு) அடைச்ச பேனல், துணி நிறைஞ்ச திறந்த பீரோ, இதெல்லாம் தேவலை.

அதையும் எங்க வைக்கறதுங்கறதுல நிறைய பேர் கோட்டை விடறாங்க. மைக்குக்குப் பின்னாடி அரை வட்டமா ஒரு ஷீல்டு விக்கறாங்கல்ல, கார்டியாய்டு மைக் பின்னாடி வர்ற சத்தத்தை ஏற்கெனவே கம்மியாத்தான் எடுக்கும். மைக் முறைச்சுப் பாக்கறது உங்களையும் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கற சுவரையும்தான். மெத்தையை முதுகுக்குப் பின்னாடி நிறுத்துங்க, மைக்கோட முதுகை ஜன்னல் பக்கமோ ஃப்ரிட்ஜ் பக்கமோ திருப்பிடுங்க, காசே செலவில்லாம கிடைக்கற லாபம் இது.

மிருதங்கம், வயலின் மாதிரி வாத்தியம்தான் எடுக்கப் போறீங்கன்னா பெரிய டயாஃப்ரம் மைக் கட்டாயம் இல்ல, பென்சில் மாதிரி ஒல்லியா இருக்கற சின்ன டயாஃப்ரம் மைக் பக்கவாட்டுல வர்ற சத்தத்தையும் நிறம் மாறாம எடுக்கும், செல்ஃப் நாய்ஸ் கொஞ்சம் கூட இருக்கும் அவ்ளோதான். யுஎஸ்பி மைக்கா எக்ஸ்எல்ஆரான்னு (இன்டர்ஃபேஸ்ல மூணு பின் கேபிளால மாட்டறது) கேட்டா, தனியாப் பேசறதுக்கு மட்டும்னா யுஎஸ்பி போதும், பாட்டுன்னா எக்ஸ்எல்ஆரும் ஒரு சாதா இன்டர்ஃபேஸும்.

கடலோர ஊர்ல இருக்கறவங்களுக்கு இன்னொரு தொல்லை, ஈரப்பதம். ஜிகா ஓம் ரெசிஸ்டரை நம்பி நிக்கற சார்ஜுன்னு சொன்னேன்ல, கேப்சூல்ல தூசும் ஈரமும் படிஞ்சா சார்ஜ் அது வழியா கசிஞ்சு ஓடும், ரெக்கார்டிங்ல பொரி வறுக்கற சத்தம் வரும். மழைக்காலத்துல ஸ்டாண்ட்லயே விட்டுடாம சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்ட டப்பால மூடி வைங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க டார்ச் அடிச்சு வலைக்குள்ள பாருங்க, ஃபிலிம்ல எச்சில் கறை இருந்தா வேண்டாம். 48 வோல்ட்டை ஆன் பண்ணி கால் மணி நேரம் அமைதியா ஹெட்ஃபோன்ல கேளுங்க, ஆன் ஆஃப் பண்ணும்போது மட்டும் வால்யூமைக் குறைச்சுக்கோங்க, இல்லன்னா டொப்புன்னு ஒரு அடி ஸ்பீக்கருக்கும் காதுக்கும் சேர்த்து விழும்.