செல் நீக்கிய உயிரி உணரி

செல்லுக்குள் நடக்கும் வேலையை வெளியே ஒரு சிறு குழாயில் நடத்தி, நீரில் கரைந்த மருந்தையோ உலோகத்தையோ காட்டித்தரும் சோதனைக்கு ஆங்கிலத்தில் 'செல்-ஃப்ரீ பயோசென்சர்' என்று பெயர்.

'செல்' இலத்தீன் 'செல்லா'விலிருந்து வந்தது. சிற்றறை என்று பொருள். தக்கைச் சீவலில் கண்ட கட்டங்களுக்கு 1665இல் ராபர்ட் ஹூக் இட்ட பெயர். இலங்கைப் பாடநூல்களில் கலம். தமிழகத்தில் செல், உயிரணு.

'ஃப்ரீ' என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 1897இல் எடுவர்ட் பூக்னர் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்த சாற்றில் சர்க்கரையைச் சேர்த்தார். முழுச் செல் இல்லாமலே நொதித்தது. செல் போனது, வினையை நடத்தும் நொதிகள் எஞ்சின. ஆகவே 'செல்லற்ற' பொருந்தாது. அது வைரஸுக்குச் சொல்வது. தோல் நீக்கிய உளுந்து என்கிறோமே, அப்படிச் 'செல் நீக்கிய' என்பதே சரி. 'பயோசென்சர்' என்பதை 'உயிருணரி' என்றால் உயிரைக் கண்டுபிடிப்பது என்றாகிவிடும். இங்கே உணரும் உறுப்புத்தான் உயிரியிடமிருந்து வருகிறது. எனவே உயிரி எரிவாயு போல, உயிரி உணரி.

டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கண்டறியும் உணரியைப் பாருங்கள். டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ நகல் எடுக்கத் தொடங்கும் இடமான டி7 தொடக்கியை அடுத்து 2 கார இணை இடைவெளி விட்டு, டெட்ஆர் என்ற தடுப்புப் புரதம் உட்காரும் இடம். அது உட்கார்ந்திருக்கும்வரை ஆர்என்ஏ உருவாகாது. டெட்ராசைக்ளின் வந்து ஒட்டியதும் புரதம் விலகும். உருவாகும் ஆர்என்ஏ மடங்கி, குழாயில் இட்ட சாயத்தைப் பிடிக்க, குழாய் பச்சையாக ஒளிரும். 25 நானோமோலார் செறிவில் உள்ள டிஎன்ஏவுக்கு டெட்ஆர் இருபடி (இரண்டிரண்டாகச் சேர்ந்த புரதம்) 1.25 மைக்ரோமோலார் (1250 நானோமோலார்) இடுவதுண்டு, அதாவது 50 மடங்கு. குறைத்தால் மருந்தே இல்லாத நீரும் ஒளிரும். கூட்டினால் உபரிப் புரதமே மருந்தை விழுங்கிவிடும். குறைந்த அளவு தெரியாமல் போகும். இந்தச் சமநிலையைப் பிடிப்பதில் நிறைய உழைப்பு போகிறது.

ஒளிரும் புரதத்தை விடையாக வைக்காததற்கும் காரணம் உண்டு. டெட்ராசைக்ளின், புரதத்தைக் கட்டும் ரைபோசோமைத் தடுக்கும் மருந்து. மருந்து கூடக்கூடப் புரத உற்பத்தி படுத்துவிடும். இருப்பதை இல்லை என்று காட்டும். ஆர்என்ஏவோடு நிறுத்தினால் ரைபோசோம் தேவையே இல்லை.

களத்துக்கு எடுத்துச் செல்ல உறைய வைத்து உலர்த்துவார்கள். நொதிகளோடு கலந்து வரும் கிளிசரால் என்ற கெட்டியான திரவம் மிஞ்சினால் பொடி சரியாகக் காயாது, பிசுபிசுக்கும். காய்ந்த பின் ஈரமுறிஞ்சியோடு மூடி வைக்க வேண்டும்.

ஆற்றுநீரில் ஆர்என்ஏவை அறுக்கும் நொதிகள் இருக்கலாம். அதனால் அதே நீரில் தெரிந்த அளவு டெட்ராசைக்ளின் சேர்த்த இன்னொரு குழாயையும் பக்கத்தில் வையுங்கள். அதுவும் ஒளிராவிட்டால் மருந்து இல்லை என்று பொருளல்ல. நீர் வினையைக் கெடுத்திருக்கிறது.