அரசு கட்டுமான டெண்டர்: சிறு ஒப்பந்ததாரர்கள் எங்கே சிக்குகிறார்கள்

விலைக் கவர் திறக்கும் முன்பே வெளியே தள்ளப்பட்ட சிறு ஒப்பந்ததாரர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். விலை கூடப் போட்டுத் தோற்றால் அதில் ஒரு நியாயம் உண்டு. இவர்கள் தோற்பது ஒரு சான்றிதழின் தேதியால், கிடைக்காமல் போன ஒரு கையெழுத்தால். தவறு அலுவலகத்தின் பக்கம் இருந்தாலும், எதிர்த்துக் கேட்கச் சட்டத்தில் வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. தெரிய வரும்போது கெடு முடிந்திருக்கும்.

தமிழ்நாட்டில் அரசுத் துறைகள், வாரியங்கள், உள்ளாட்சிகள் விடும் டெண்டர்களுக்கு அடிப்படை, 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதற்கான 2000ஆம் ஆண்டு விதிகளும்தான். பின்னணி இவ்வளவு போதும்.

முதலில் பதிவு. பொதுப்பணித் துறையில் பதிவு செய்துவிட்டால் எல்லா இடத்திலும் டெண்டர் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சி, குடிநீர் வாரியம் என்று ஒவ்வொன்றும் தன் பதிவைத் தனியாகக் கேட்கும். எந்தத் துறைப் பதிவு, எந்த வகுப்பு செல்லும் என்பது டெண்டர் ஆவணத்தில்தான் இருக்கும். அலுவலக வாசலில் யாரோ "அதெல்லாம் ஏத்துக்குவாங்க" என்று சொன்னதை நம்பி முன்வைப்புத் தொகை (டெண்டரோடு கட்டும் பிணைப் பணம்) கட்ட வேண்டாம். பதிவு நடப்பில் இருக்கிறதா, சால்வன்சி சான்றின் (உங்கள் சொத்து மதிப்பைக் காட்டும் சான்று) காலம் டெண்டர் திறக்கும் நாள் வரை செல்லுமா என்று இரண்டையும் முதலிலேயே பாருங்கள். தாசில்தார் அலுவலகத்தில் சால்வன்சி ஒரே நாளில் கிடைக்காது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கோப்பு நகர வேண்டும். டெண்டர் அறிவிப்பு வந்தபின் விண்ணப்பித்தால் பெரும்பாலும் கெடு முந்திக்கொள்ளும்.

அடுத்தது உதயம் பதிவு, அதாவது சிறு, குறு நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு. சிறு நிறுவனம் என்ற சான்று இருந்தால் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம் என்று பலரும் நம்புகிறார்கள். மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கையில் உள்ள அந்தச் சலுகை பொருள்களுக்கும் சேவைகளுக்கும்தான். கட்டுமான ஒப்பந்தம் அதில் வராது. உதயம் சான்றை மட்டும் பதிவேற்றி, பணம் கட்டாமல் விட்டால் டெண்டர் நேராகத் தள்ளுபடி. டெண்டர் ஆவணமே எழுத்தில் விலக்கு தந்திருந்தால் தவிர, பணத்தைக் கட்டிவிடுங்கள்.

எனக்கு அதிகக் கோபம் வருவது கள ஆய்வுச் சான்று விஷயத்தில். சில டெண்டர்களில், வேலை நடக்கும் இடத்தைப் பார்த்துவிட்டதாக உதவிப் பொறியாளரிடம் கையெழுத்து வாங்கி இணைக்கச் சொல்வார்கள். போனால் "சார் சைட்டுக்குப் போயிருக்கார்", "நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்குப் போனால் அவருக்கு மீட்டிங். இப்படியே கடைசி நாள் வந்துவிடும். இதில் இன்னொரு தீங்கும் உண்டு. கையெழுத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பதை வைத்து, யாரெல்லாம் போட்டியில் இருக்கிறார்கள் என்பது முன்கூட்டியே வெளியே தெரிந்துவிடுகிறது. அப்புறம் "இந்த வேலையை விட்டுடுங்க" என்று போன் வரும். செய்ய வேண்டியது இதுதான்: முதல் நாளே சான்று கேட்டுச் செயற்பொறியாளருக்கு மின்னஞ்சலும், சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலும் அனுப்புங்கள். களத்துக்குப் போய்த் தேதி, இடம் பதிவாகும் படங்கள் எடுங்கள். சான்று கிடைக்காவிட்டால், கேட்ட கடிதத்தையும் படங்களையும் டெண்டரோடு பதிவேற்றுங்கள். அதை ஏற்பார்கள் என்று உறுதி இல்லை. ஆனால் பின்னால் மேல்முறையீட்டில் கையில் இருக்கப்போகும் ஆதாரம் அதுதான்.

அறிவிப்பின் தேதியையும் பாருங்கள். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதிக்க வேண்டும். 'குறுகிய கால டெண்டர்' என்று ஒரு வாரம் கொடுத்தால், அந்த அனுமதி ஆணையின் எண்ணையும் தேதியையும் எழுத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இணையத்தில் போடும்போது கடைசி நாள் மாலை வரை காத்திருக்காதீர்கள். நேரத்தைக் கணக்கிடுவது சர்வர் கடிகாரம், உங்கள் கைக்கடிகாரம் அல்ல. டிஜிட்டல் கையொப்பத்தின் காலாவதி தேதியை முன்பே பாருங்கள். விலைப் பட்டியல் கோப்பின் பெயரை மாற்றினால் தளம் ஏற்காது. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு 'ஃப்ரீஸ் பிட் சப்மிஷன்' பொத்தானை அழுத்தி, ஒப்புகை வந்தால்தான் டெண்டர் போட்டதாகக் கணக்கு. சதவீத டெண்டரில், அதாவது துறையின் மதிப்பீட்டை விட எத்தனை சதவீதம் கூடுதல் அல்லது குறைவு என்று விலை சொல்லும் டெண்டரில், 'எக்சஸ்' (கூடுதல்), 'லெஸ்' (குறைவு) என்று தேர்வு செய்யும் சின்னக் கட்டம் இருக்கும். எண்ணைச் சரியாகப் போட்டுவிட்டு இதை மாற்றித் தேர்ந்தெடுத்தால் 5 சதவீதம் குறைவு என்பது 5 சதவீதம் கூடுதலாகிவிடும். சமர்ப்பிக்கும் முன் எழுத்தில் வரும் மொத்தத் தொகையை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

விலை பற்றி இரண்டே விஷயம். அரசு கட்டுமான ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நீங்கள் போடும் விலை அதைச் சேர்த்ததா, சேர்க்காததா என்று ஆவணத்தில் தேடிப் பிடியுங்கள். அது தெரியாமல் விலை போடவே கூடாது. அதேபோல, வேலை கிடைக்க வேண்டும் என்று அளவுக்கு மீறி லெஸ் போட்டால் கூடுதல் பாதுகாப்பு வைப்பு கேட்பார்கள். அந்தப் பணத்தைக் கட்ட முடியாமல் பின்வாங்கினால் முன்வைப்புத் தொகை போய்விடும்.

சரி, தள்ளுபடி செய்துவிட்டார்கள். இனி என்ன?

முதலில் சொன்ன 1998 சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, டெண்டர் ஏற்கும் அதிகாரியின் ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த 10 நாளில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். அலுவலகத்தில் "ஆர்டிஐ போட்டுக் காரணம் வாங்கிக்கோங்க" என்று அன்பாகச் சொல்வார்கள். ஆர்டிஐக்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. பதில் வரும்போது உங்கள் கெடு எப்போதோ முடிந்திருக்கும். ஆர்டிஐ போடுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். தளத்தில் நிராகரிப்பு தெரிந்த அன்றே அந்தத் திரையைத் தேதியோடு சேமித்துக்கொண்டு, ஆணையின் நகலையும் காரணத்தையும் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். மற்ற டெண்டர்களை நிராகரித்த காரணத்தையும் டெண்டர் புல்லட்டினுக்கு (டெண்டர் விவரங்களை வெளியிடும் அரசு இதழ்) தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எனவே "காரணம் ரகசியம்" என்று யாராவது சொன்னால், அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மேல்முறையீட்டு மனுவில் புலம்பல் வேண்டாம். எந்த நிபந்தனையைக் காட்டி நிராகரித்தார்கள், அதற்கு எந்த ஆவணத்தை எந்தப் பக்கத்தில் ஏற்றியிருந்தீர்கள், அதே குறையோடு வேறு யாருடைய டெண்டரையாவது ஏற்றார்களா என்பது இருந்தால் போதும். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குத் தடை வேண்டும் என்பதைத் தனியாக எழுதிக் கேளுங்கள். கேட்காமல் விட்டால், மனு நிலுவையில் இருக்கும்போதே வேறொருவர் வேலையைத் தொடங்கிவிடுவார். மனுவை நேரில் கொடுத்தால் தேதியிட்ட முத்திரை இல்லாமல் திரும்பி வராதீர்கள்.

வேலை கிடைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் எத்தனை மூட்டை சிமெண்ட் போட்டீர்கள் என்பதைப் பார்த்துப் பணம் வராது, எம்-புக்கில் (பொறியாளர் வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம்) ஏறிய அளவுக்குத்தான் வரும். அஸ்திவாரக் கம்பியைக் கான்கிரீட் மூடுவதற்கு முன்பே அளவெடுத்துப் பதியச் சொல்லுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு "எத்தனை எம்எம் கம்பின்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பார் பொறியாளர். அவர் கேட்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது. "இந்தச் சுவரையும் சேர்த்துக் கட்டிடுங்க, பில்லுல பாத்துக்கலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லும் கூடுதல் வேலையை எழுத்து ஆணை இல்லாமல் தொடாதீர்கள். அப்படிக் கட்டிய சுவருக்குப் பணம் வராமல் நொடித்துப் போனவர்கள் உண்டு.

பில்லில் பிடிக்கும் வருமான வரி, ஜிஎஸ்டி பிடித்தம் இரண்டும் உங்கள் கணக்கில் ஏறியதா என்று மறக்காமல் சரிபாருங்கள். பராமரிப்புப் பொறுப்புக் காலம் (வேலை முடிந்த பிறகும் குறைகளை நீங்களே சரிசெய்து தர வேண்டிய காலம்) முடியும் வரை நிறுத்தி வைத்த தொகை தானாக வந்து சேராது. காலம் முடியும் தேதியை இப்போதே குறித்து வைத்து, அதற்கு முந்தைய மாதம் நீங்களும் பொறியாளரும் சேர்ந்து பார்க்கும் இணை ஆய்வு கேட்டுக் கடிதம் கொடுங்கள். உங்கள் வேலையைப் பார்த்த பொறியாளர் இடமாறுதலாகிப் போய்விட்டால், புதிதாக வந்தவர் பழைய எம்-புக்கைத் தேடி எடுக்கவே மாதங்கள் ஆகும்.